அவர்கள் பத்துப் பேர், நாம் பதினோரு பேர்

பெரணமல்லூரில் ஒரு திருமணம். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஏழுமலை. நம் கல்லூரியின் பழைய மாணவர், படவேட்டுக்காரர், இப்போது போலீஸ் வேலையில் இருக்கிறார். "சார், எங்க இருக்கீங்க?" என்றார். பந்தியில் இருப்பதாகச் சொன்னேன். "அப்ப சாப்ட்டுட்டு கூப்புடுங்க சார்" என்றார். சாப்பிட்டுவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி என்றால் என்னவென்று இந்த வயதில் யாருக்குத் தெரியாது? "பரவால்ல, சொல்லுப்பா" என்றேன். "லைப்ரரி மேடம் பூட்டாங்க சார். காலைல" என்றார். "எந்த மேடம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து லைப்ரரி மேடம் ஒருவர்தான். இருந்தும் அப்படிக் கேட்டுவிட்டேன். எழுந்திருக்கப் போனபோது பக்கத்து இலைக்காரர் என் கையைப் பிடித்து, "சோத்த உட்டுட்டு எழுந்துக்காதீங்க சார்" என்றார். அவருக்காக இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

ஆரணியில் நம் கல்லூரியில் படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும்தான் இந்த மலரைப் படிக்கப் போகிறீர்கள். அதனால் அம்சவேணி மேடம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நூலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பேன் சுத்துதேன்னு தூங்க வந்தியா, படிக்க வந்தியா?" என்று கேட்டவர். புத்தகத்தில் பக்கம் மடித்தவனைக் கூப்பிட்டு, அவன் எதிரிலேயே அந்த மடிப்பை நகத்தால் நீவிவிட்டு அனுப்பியவர். கலசப்பாக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து, முதல் மணி அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்தவர். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நம் கால்பந்து அணி மூன்று வருடமாக ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. மண்டலப் போட்டிக்குப் போவோம், முதல் சுற்றில் உதை வாங்குவோம், மாலைப் பேருந்தில் திரும்புவோம். உடற்கல்வி இயக்குநர் என்ற பெயரில் அந்த அணிக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். பல்கலைக்கழக அணியில் முன்வரிசையில் ஆடியவன் என்ற மிதப்பு வேறு. தோல்விக்குக் காரணம் கேட்டால் பையன்களைக் கை காட்டுவேன். "தறிக்குழியில உக்காந்தவனுக்கும் நாத்து கட்டு சொமந்தவனுக்கும் பந்து எங்க வரும்?" என்று ஆசிரியர் அறையில் சத்தமாகச் சொன்னதுண்டு. அதைச் சொன்ன வாயை இப்போது நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சிட்டு வாங்க. இல்லன்னா டீமக் கலைச்சிட்டு கபடி போட்டுக்கலாம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், கோபம் இல்லை. நான் வெளியே வந்து பையன்களிடம் சொன்னேன். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். ஏழுமலை மட்டும், "டீம் இல்லன்னா நானும் இல்ல சார்" என்றார். அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகச் சொல்லி வீட்டில் அப்போதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பந்து ஒன்றுதான் அவரைப் படவேட்டுப் பேருந்தில் தினமும் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக, அந்த ஒரு வெற்றி கிடைக்காவிட்டால் ஓர் அணி மட்டும் போகாது, ஒரு பையனின் படிப்பும் போய்விடும். எனக்கு அது தெரிந்திருந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் நூலகத்துக்கு ஏதோ கையெழுத்து போடப் போயிருந்தேன். அம்சவேணி மேடம் மேசைக்கடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வைத்தார். கால்பந்து விதிகள். நான்தான் என்றைக்கோ வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்த பிறகு திறந்தும் பார்த்ததில்லை. அவருக்கோ ஒரு பழக்கம். நூலகத்துக்கு வரும் எந்தப் புத்தகத்தையும் படித்துப் பார்க்காமல் அலமாரியில் ஏற்ற மாட்டார். "சார், ஒரு சந்தேகம்" என்றார். "வெளிய போன பந்த கையால த்ரோ போடறப்ப ஆஃப்சைடு கெடையாதாமே?"

"கிடையாதுதான் மேடம். மத்த நேரம்தான் எதிராளிங்களுக்குப் பின்னாடி நின்னு பந்து வாங்கினா ஆஃப்சைடு."

"அப்ப நம்ம பையன் அவங்க ஆளுங்களுக்குப் பின்னாடி போய் நின்னுக்கலாமே? ஏன் நிக்க மாட்டேங்கறாங்க?"

சிரித்தேன். பாட்டு தெரியாதவர் பாகவதரிடம் கேள்வி கேட்டால் அவர் எப்படிச் சிரிப்பாரோ அப்படி. மேடம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நூலக அட்டை ஒன்றைத் திருப்பி என்முன் வைத்தார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். முந்தைய வாரம் நம் மைதானத்தில் நடந்த நட்பு ஆட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து, பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டிருந்தார். அட்டையில் இடம் போதாமல் ஓரத்திலும் போட்டிருந்தார். "இத்தன வாட்டி வெளிய போவுது. இத்தன வாட்டியும் நம்ம பசங்க கையில இடுப்ப வெச்சிகினு..." என்று சொல்ல வந்தவர் தானே சிரித்து, "இடுப்புல கைய வெச்சிகினு நிக்கறாங்க. பந்து கால்ல இருந்தா நம்மால முடியல. வெளிய போனப்பவாவது எதனா செய்யலாமில்ல?" என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் விஷயம். "அவங்க த்ரோ போடறப்ப, போடறவன் எங்க நிக்கறான்? கோட்டுக்கு வெளிய. அப்ப உள்ள அவங்க பத்து பேரு. நாம பதினோரு பேரு. மீதி நேரமெல்லாம் அவங்க நம்மளவிட கெட்டிக்காரங்க, சரி. அந்த ரெண்டு நிமிசம் நாம ஒரு ஆள் ஜாஸ்தி சார்."

ரெண்டு நிமிஷம் இல்லை, நாலைந்து நொடிதான் என்று திருத்தினேன். திருத்துவதற்கு எனக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. இருபது வருடம் பந்தோடு கிடந்தவனுக்கு ஒருமுறைகூடத் தோன்றாத கணக்கு அது. அன்று இரவு அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன்.

அவர் சொன்ன முறை எளிதானது. நம் பாதியில் பந்து கிடைத்தால் அழகு காட்டாதே. எதிரியின் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் பார்த்து வெளியே அடித்துவிடு. த்ரோ அவர்களுக்குத்தான். கொடுத்துவிடு. எறிபவன் வெளியே நிற்கும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொருவனையும் நம் ஆள் ஒருவன் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படியும் நமக்கு ஒரு ஆள் மீதி. அவன் பந்தைப் பறிக்க வேண்டும். நமக்குத் த்ரோ கிடைத்தால் எந்தப் பக்கமாக இருந்தாலும் ஏழுமலை ஓடிவந்து நேராகக் கோல் வாய்க்கு எறிய வேண்டும். அணித்தலைவர் தணிகாசலம் தடுப்பாளர்களுக்கும் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். தணிகாசலம் கொசப்பாளையத்துப் பட்டு நெசவாளர் வீட்டுப் பையன், நெட்டை, தலையால் நன்றாக முட்டுவார். நமக்கு வேறு முறை ஒத்துவராது என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மற்ற கல்லூரிகள் காலையும் மாலையும் பயிற்சி செய்யும். நமக்குக் கடைசி வகுப்புக்கும் படவேட்டுப் பேருந்துக்கும் நடுவில் நாற்பது நிமிடம். "நாப்பது நிமிசத்துல பத்து விசயம் கத்துக்க முடியாது சார். ஒண்ணக் கத்துக்கலாம்" என்றார் மேடம்.

அந்த ஒன்றும் முதலில் வரவில்லை. அரிசி ஆலைப் பையன்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு குழுவோடு கோட்டை மைதானத்தில் ஆடிப் பார்த்தோம். ஏழுமலை எறிந்த எல்லாவற்றுக்கும் நடுவர் ஊதினார். ஃபவுல் த்ரோ. எறியும்போது பின்னங்கால் தரையை விட்டு எழுந்தது; ஏன் என்று எனக்குப் புரியவில்லை, மேடத்துக்கும் புரியவில்லை. கடைசியில் ஏழுமலையே சொன்னார். ஊரில் வைக்கோல் போர் போடும்போது கீழேயிருந்து வைக்கோல் கட்டுகளைப் போரின் மேல் நிற்பவனுக்குத் தலைக்கு மேலாக எறிவார்களாம். சின்ன வயதிலிருந்து அந்த வேலை அவருடையது. இரண்டு கையும் தலைக்கு மேலே, பந்து பறக்கும் தூரமோ யாருக்கும் வராத தூரம், எல்லாம் அதனால் வந்ததுதான். ஆனால் வைக்கோல் கட்டை எறியும்போது பின்னங்கால் தானாக எழும்பிவிடும். எழும்பாமல் கட்டு மேலே போகாது. கால்பந்தில் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். அவருடைய பலமும் தப்பும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தன.

நானாக இருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பேன். மேடம் நூலகத்துப் பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்தார். கோட்டுக்கு வெளியே ஒரு முழுத்தாளை விரித்து அதன்மேல் ஏழுமலையை நிற்க வைத்தார். "கால இழுத்துக்கோ. இழுத்தா பேப்பர் கிழியும், பரவால்ல. தூக்காத. தூக்கினா பேப்பர் கிழியாது, நான் பாத்துகினே இருப்பேன்." கிழியக் கிழிய மறுதாள் வைப்பார். ஒரு வாரம் மைதானமெங்கும் காகிதம். துப்புரவுப் பணியாளர் என்னிடம் வந்து சண்டை போட்டார். நான் மேடத்தைக் கை காட்டினேன். அவரோ அந்தக் குப்பையைத் தானே பொறுக்கிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு வர, குனிந்து குனிந்து. பையன்கள் ஓடிப்போய்க் கூடப் பொறுக்கினார்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தாளில் கட்டை விரல் போன தடம் மட்டும் நீளமாகக் கிழிந்திருக்க, பந்து கோல் வாய்க்குப் போய் விழுந்தது. ஏழுமலை திரும்பித் தாளைத்தான் பார்த்தார், பந்தைப் பார்க்கவில்லை.

படவேட்டுப் பேருந்து நடத்துநரையும் இங்கே நினைக்க வேண்டும். ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்க முடியுமா என்று மேடம் பேருந்து நிலையத்துக்கே போய்க் கேட்டார். "பேஜாரா பூடும் மேடம். டைம் கீப்பர் கத்துவாரு" என்றார் அவர். மேடம் வற்புறுத்தவில்லை. நடத்துநரின் இருக்கையில் ஒரு வார இதழ் கிடந்ததை மட்டும் பார்த்துக்கொண்டார். மறுநாள் எடைக்குப் போடுவதற்காக ஒதுக்கியிருந்த பழைய வார இதழ்க் கட்டு ஒன்று அவருக்குப் போனது, தொடர்கதை விட்டுப்போகாதபடி வரிசையாக அடுக்கி. அன்றிலிருந்து அந்தப் பேருந்துக்கு ஆரணியில் தினமும் ஐந்து நிமிடம் ஏதோ ஒரு கோளாறு.

மண்டலப் போட்டி வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியில் நடந்தது. முதல் ஆட்டமே அவர்களோடுதான். புல்தரை, ஒரே மாதிரி பூட்ஸ், உட்கார்ந்து கத்துவதற்கு அவர்கள் மாணவர் கூட்டம். நம் பையன்கள் பாதிப் பேர் கேன்வாஸ் காலணியில் இருந்தார்கள். மேடம் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் கேனைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியதும் நம்மவர்கள் சொன்னபடியே பந்தை வெளியே வெளியே அடித்தார்கள். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு ஊளையிட்டது. "இன்னாடா இது, வாலிபாலா?" "கையால ஆடற காலேஜ்டோய்!" இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நமக்கு ஒரு த்ரோ கிடைத்தது. ஏழுமலை எறிந்தார். தணிகாசலம் அவர்கள் தடுப்பாளர்களுக்குப் பின்னால் ஒண்டியாக நின்றிருந்தார். அவர்கள் நாலு பேரும் ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் ஊதவில்லை. கை இறங்குவதற்குள் பந்து தணிகாசலத்தின் தலையில் பட்டு உள்ளே இருந்தது. ஒன்று, பூஜ்யம். மூன்று வருடத்தில் நாம் முன்னணியில் இருந்த முதல் நிமிடம் அது.

இடைவேளையில் நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் என்னோடு பல்கலைக்கழக அணியில் ஆடியவர். என் தோளில் கை போட்டு, "இன்னா மச்சி, எப்படி ஆடினவன் நீ. கடைசில இந்த நெலமைக்கு வந்துட்டியே" என்றார். சுருக்கென்று தைத்தது. கூட்டத்தின் ஊளையைத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. நேராகப் பையன்களிடம் போனேன். "லைனுக்கு அடிச்சதெல்லாம் போதும். இனிமே தரையில பாஸ் பண்ணி ஆடுங்க. நாம ஃபுட்பால் ஆட வந்திருக்கோம், வித்தை காட்ட வரல" என்றேன். தணிகாசலம் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். மேடம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பாஸ் பண்ணி ஆடினோம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கோல் வாங்கினோம். ஒன்றுக்கு ஒன்று. அதன் பிறகு பந்து நம் பாதியை விட்டு வெளியே போகவே இல்லை. நம் கோல்கீப்பர் இரண்டு முறை தெய்வாதீனமாகத் தடுத்தார். ஏழுமலை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதை கோட்டோரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அவர் முகத்தில் பெங்களூர் தெரிந்தது எனக்கு. என் தவறு என்று புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் என் பழைய நண்பர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

மேடம் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். "சார், நான் சொன்னா பசங்க கேட்டுடுவாங்க. ஆனா நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லுங்க" என்றார். நான் எதிர்ப் பக்கத்தையே பார்த்தேன். "வெக்கமா இருக்குதா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்பதுபோல. ஆமாம் என்று தலையாட்டினேன். "மொதல்ல ஜெயிச்சிடலாம் சார். வெக்கத்த அப்பறமா பொறுமையாப் பட்டுக்கலாம், அது எங்க பூடப்போவுது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு தொண்டை திறந்துகொண்டது. "தணிகா! லைனுக்கு அடிங்கடா!" என்று கத்தினேன். பையன்கள் திரும்பிப் பார்த்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. அடுத்த பந்தைத் தணிகாசலம் வானத்தில் ஏற்றி அவர்கள் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் வெளியே தள்ளினார். கூட்டம் மறுபடி ஊளையிட்டது. இந்த முறை எனக்குக் காது கேட்கவில்லை.

ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருந்தது. அவர்களுக்குத் த்ரோ, அவர்கள் கோலுக்குப் பக்கத்தில். எறிய வந்தவன் பந்தைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆள் தேடினான். ஒவ்வொருவன் முதுகிலும் நம் பையன் ஒருவன். இங்கே பார்த்தான், அங்கே பார்த்தான். நடுவர் சீக்கிரம் என்று சைகை காட்டினார். பதற்றத்தில் தன் கோல்கீப்பருக்கே எறிந்துவிட்டான். நம் மீதி ஆள் பாய்ந்து வருவதைப் பார்த்த கோல்கீப்பர் பந்தைக் கையால் பிடித்துக்கொண்டான். நடுவர் ஊதுவதற்கு முன்பே நம் பையன்கள் பதினோரு பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள். சொந்த ஆள் எறிந்த த்ரோவைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. விதிப் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி. அந்த வரியை மேடம் பையன்களுக்கு வாரம் தவறாமல் சொல்லி வைத்திருந்தார், அது எப்போதாவது நடக்கும் என்று. நடந்தது. கோலுக்கு எட்டுக் கஜ தூரத்தில் நமக்கு ஃப்ரீ கிக், ஒருவர் தொட்டுக் கொடுத்துத்தான் கோலுக்கு அடிக்க வேண்டும். தணிகாசலம் தொட்டு உருட்டினார். ஏழுமலை அடித்தார். எப்படி அடித்தார் என்று கேட்காதீர்கள், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டுக்கு ஒன்று. முடிந்ததும் பையன்கள் என்னைத் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தபோது மேடம் காலி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றில் நாலு கோல் வாங்கித் தோற்றோம், அது வேறு. அணி பிழைத்தது. ஏழுமலை பட்டம் வாங்கினார். இரண்டு வருடம் கழித்து அதே ஆட்டமுறையில் அரையிறுதி வரை போனோம். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் நம்மைக் கண்டால் பெரிய கல்லூரிகள் கோட்டுப் பக்கம் பந்தைக் கொண்டுபோகப் பயப்படுகின்றன.

ஆனால் ஊர் திரும்பிய மறுநாள் காலைக் கூட்டத்தில் முதல்வர் எனக்குச் சால்வை போட்டு, "நம் உடற்கல்வி இயக்குநரின் புதிய ஆட்டமுறை" என்றார். எனக்கு ஒலிபெருக்கியைக் கொடுத்தார். ஒரு நிமிடம் போதும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். பையன்களின் உழைப்பு என்றேன், கடவுள் அருள் என்றேன், முதல்வரின் ஊக்கம் என்றேன். மூன்றாம் வரிசையில் மேடம் கைதட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது கடினம். வருடக்கணக்கில் போனால் சொல்லவே முடியாது. பயிற்சி முகாம்களுக்குக் கூப்பிட்டார்கள். கரும்பலகையில் பதினொன்று, பத்து என்று எழுதி விளக்கினேன். "எங்க ஊர்ப் பசங்களுக்குத் தகுந்த மாதிரி நான் யோசிச்சது" என்று ஒரு முகாமில் சொல்லியிருக்கிறேன். 'நான்' என்றுதான் சொன்னேன்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் பேசக் கூப்பிட்டார்கள். இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று எழுந்து போனேன். நேரம் தவறாமை, அடுக்கி வைக்கும் அழகு, புத்தகத்தின் மேல் பாசம் என்று பேசிவிட்டு இறங்கினேன். விழா முடிந்து வெளியே வந்தவர், என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இப்போது கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். "ஃபர்ஸ்ட் இயர்ல எறியறதுக்கு யாராச்சும் சிக்கினானா சார்?" என்றார். பெரணமல்லூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், ஆனால் கால் தூக்குகிறான் என்றேன். "பேப்பர் கட்டு ரெண்டு ஒதுக்கி வெச்சிருக்கேன். அலமாரிக்குப் பின்னாடி இருக்குது, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனார்.

கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஏழுமலையும் தணிகாசலமும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு வெளியே பந்தலில் உட்கார்ந்தேன். மேடத்தின் மகள் வந்தார். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை. "பி.டி. சார்தானே நீங்க?" என்றார். "அம்மா ஒங்களப் பத்தி சொல்லிகினே இருப்பாங்க சார். எங்க சார் ஒரு ஆட்டம் கண்டுபுடிச்சாரு, ஒண்ணுமே இல்லாத பசங்கள வெச்சிகினு ஜெயிச்சாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்னு. எங்க பசங்களுக்குக்கூட ஒங்க கதை தெரியும்."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். தணிகாசலம் தெருவைப் பார்த்தார். பதினோரு வருடமாக அவர்கள் இருவருக்கும் உண்மை தெரியும். ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

"இல்லம்மா" என்றேன். "கண்டுபிடிச்சது ஒங்க அம்மா. பக்கத்துல நின்னு பாத்தது நான்."

அவர் நம்பவில்லை. துக்க வீட்டில் சொல்கிற மரியாதைப் பேச்சு என்று நினைத்திருப்பார். "அம்மாவா? அவங்களுக்குப் பந்து எந்தப் பக்கம் போவணும்னே தெரியாதே சார்" என்றார். "தெரியும்மா" என்றார் ஏழுமலை. "வெளிய போவணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

மகள் என்னையும் ஏழுமலையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். "மொதல்லேந்து சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். கணக்குப் போட்ட அட்டை, வைக்கோல் கட்டு, நடத்துநர், இடைவேளையில் நான் செய்தது, மேடம் செய்தது, சால்வை, எதையும் விடவில்லை.

அம்சவேணி மேடத்திடமிருந்து எனக்கு ஓர் அணி கிடைத்தது, பிழைப்பு கிடைத்தது, ஊரில் ஒரு பெயர் கிடைத்தது. அவற்றில் பெயரை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. இனி நான் வைத்துக்கொள்ளப் போவது இந்தக் கதையைச் சொல்லும் வேலை மட்டும்தான், அதுவே எனக்குப் பெரிய பாக்கியம். அன்று பந்தலில் நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க. பசங்களையும் கூட்டிகினு வாங்க. எங்கம்மா இன்னா பண்ணாங்கன்னு சார் சொல்றாரு."